ரிமார்க்ஸ் கட்டத்தை யார் படிக்கிறார்கள்?

இன்று காலை எங்கள் முதல் காரை எடுக்க அப்பாவும் நானும் பாண்டிச்சேரி ஷோரூமுக்குப் போனோம். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

எங்கள் உப்பளம் மரக்காணத்தில். அங்கே சைக்கிள் செயின்கூட ஒரு வருஷம் உருப்படியாக இருக்காது. அதனால் புக் பண்ணும்போது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: வண்டிக்கு அடியில் துருப்பிடிக்காமல் கோட்டிங் அடித்துத் தர வேண்டும். அதற்காக இரண்டு மாதம் காத்திருந்தோம்.

வந்த வண்டியில் நாங்கள் கேட்காத மியூசிக் சிஸ்டம் இருந்தது. குனிந்து அடியில் பார்த்தால் கோட்டிங் இல்லை.

"ஏம்பா, கோட்டிங் எங்க?" என்றார் அப்பா.

"சார், உங்க ஆர்டருக்குக் கிட்ட எந்த வண்டி ரெடியா இருக்குதோ, அதைக் கம்பெனி கம்ப்யூட்டரே மேட்ச் பண்ணி அனுப்பிடும். கலர் கரெக்டா வந்திருக்குது பாருங்க," என்றார் விற்பனையாளர்.

"நான் கலரா கேட்டேன்?"

"கோட்டிங்குக்கு ஃபார்ம்ல கட்டமே இல்லீங்க சார். ரிமார்க்ஸ்லதான் எழுதினேன். அதை ஃபேக்டரில யாரும் படிக்க மாட்டாங்க."

இதைச் சொல்ல அந்த ஆளுக்கு வெட்கமே இல்லை. உப்புக்காற்றில் ஓடுகிற வண்டிக்குப் பாட்டு எதற்கு? துருப்பிடிப்பதற்குத் தாளம் போடவா?

பூஜைக்கு வாங்கிப் போன எலுமிச்சம்பழங்களை அப்பா மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டார். "இந்த வண்டி வேணாம்பா," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அந்த ஆள் வாசல்வரை ஓடி வந்து ஒரு தாளை நீட்டினார். அவர்கள் சேவை எப்படி இருந்தது என்று நாங்கள் எழுதித் தர வேண்டுமாம். கடைசியில் பெரிதாக ஒரு கட்டம்: ரிமார்க்ஸ்.

அப்பா அதை வெறும் தாளாகவே திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் இங்கே எழுதிவிட்டேன். நீங்களாவது படித்தீர்களா?