ஞ வாரம்

என் அண்ணிக்குப் பொறாமை அதிகம். இதை நான் மூடி மறைத்துச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அண்ணியே மூடி மறைப்பதில்லை. எதிர்க் கட்டடத்தில் யாராவது புதுத் திரைச்சீலை மாட்டினால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஜன்னலோரம் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்பார். அப்புறம் அந்த வாரத்துக்குள் எங்கள் வீட்டு ஜன்னலிலும் ஒன்று தொங்கும், அதைவிட ஒரு மடிப்பு கூடுதலாக.

மற்றவர்கள் வயிறெரிந்தால் நாலு பேரிடம் புலம்பிவிட்டுத் தூங்கிவிடுவார்கள். அண்ணி அப்படியில்லை, உட்கார்ந்து கற்றுக்கொள்வார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தையல்கடையில் வேலை பார்த்தார். பழைய துணிகளைப் பிரித்து, அளவு மாற்றிக் கொடுக்கிற கடை. பக்கத்து மெஷினில் இருந்தவள் தோல் ஜாக்கெட்டுக்கு ஜிப் மாற்றுவதில் கெட்டிக்காரி. முதலாளி அவளை ஒருநாள் எல்லோர் எதிரிலும் புகழ்ந்துவிட்டார். அவ்வளவுதான். அண்ணி யாரோ வேண்டாமென்று போட்ட ஒரு தோல் ஜாக்கெட்டை வீட்டுக்குத் தூக்கி வந்து, விரல் நுனியெல்லாம் ஊசி குத்திப் புண்ணாகும்வரை பிரித்துப் பிரித்துத் தைத்தார். அடுத்த மாதம் ஜிப் வேலை அண்ணியிடம் வந்துவிட்டது. அவர் எதையும் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. இன்னொருத்திக்குத் தெரிந்திருக்கிறதே என்ற கடுப்பில் கற்றுக்கொண்டதுதான் எல்லாமே.

நாங்கள் இருப்பது மூன்று மாடிக் கட்டடம். கீழே அண்ணனும் அண்ணியும், நடுவில் நானும் என் வீட்டுக்காரரும், மேலே தம்பியும் அவன் பெண்டாட்டியும். அண்ணி வீட்டின் முன்னறைதான் அவருடைய தையல்கடை. இரண்டு மெஷின், துணி வெட்டுகிற நீளமான மேசை, இஸ்திரிப் பெட்டி, சுவரெல்லாம் சீட்டுக் குத்திய கோட்டும் பேன்ட்டும் தொங்குகிற கம்பிகள். ஜன்னலுக்கு மேல் பலகையில், நூல் தூசி படிந்த ஒரு ரேடியோ. காலையில் மெஷினோடு சேர்ந்து அதுவும் ஓட ஆரம்பித்துவிடும்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்த ஆபீஸில் லிஃப்ட் நடுவில் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்துவதைக் கேட்டுக் கேட்டோ என்னவோ, அவர் பேசுவது குறைவு. அண்ணனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் ஒரு பேன்ட்டுக்குக் கீழ்மடிப்பு தைத்து முடித்துவிடலாம்.

ரேடியோவில் சனிக்கிழமை பிற்பகல் ஒரு பொது அறிவுப் போட்டி வரும். வாரத்துக்கு ஓர் எழுத்து. கேட்கிற ஐந்து கேள்விகளுக்கும் அந்த எழுத்தில் தொடங்குவதுதான் பதில். முதலில் எவர் போன் கிடைக்கிறதோ அவரே அந்த வாரத்துப் போட்டியாளர். அண்ணி அதில் எப்படிச் சேர்ந்தார் என்று கேட்கவே வேண்டாம். வாடிக்கையாளர் ஒருத்தி தான் ஜெயித்த கதையைக் கவுன் அளவு கொடுக்கும்போது பெருமையாகச் சொன்னாள். அடுத்த சனிக்கிழமையே அண்ணி போனை எடுத்துவிட்டார்.

எடுத்தவர் ஜெயித்தார். ஜெயித்துக்கொண்டே இருந்தார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அறிவிப்பாளன் கேட்டதற்குத் தையல் என்று சொல்ல, அன்றிலிருந்து அவருக்குத் 'தையலக்கா' என்றே பெயர் வைத்துவிட்டான். ஆளை நாங்கள் பார்த்ததில்லை. குரல் மட்டும் வழுக்கிக்கொண்டு வரும். "என்ன தையலக்கா, ஊசியில நூல் கோத்தாச்சா? உங்க குரல் கேக்காம போன வாரம் சப்புன்னு போச்சு" என்பான். அண்ணி வெட்கப்பட்டுச் சிரிப்பார். பரிசாக வரும் கெட்டிலும் கடிகாரமும் அட்டைப்பெட்டி பிரிக்காமல் அலமாரி மேல் கிடக்கும்.

அண்ணிக்குப் பரிசு வேறே. சனிக்கிழமை அண்ணனுக்கு அரை நாள் வேலை. போட்டி ஆரம்பித்ததும் அவர் தையலறை வாசலில் வந்து, நிலையில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். முடியும்வரை நகரமாட்டார். முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். "உங்க அண்ணனுக்கு வாயால பாராட்ட வராது. ஆனா பாத்தியா, ஒரு சனிக்கிழமை தவறினதில்ல" என்று அண்ணி என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் புருஷன் தன்னை நின்று கவனித்தது அந்த நேரம் மட்டும்தான் என்பது அவர் கணக்கு. அது கையைவிட்டுப் போய்விடக் கூடாது.

அப்படி இருக்கையில்தான் தம்பி கல்யாணம் செய்துகொண்டு வந்தான். அந்தப் பெண் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எதற்கெடுத்தாலும் சிரிப்பு. வந்த நாளிலிருந்து அண்ணியை அக்கா, அக்கா என்று சுற்றிச் சுற்றி வந்தாள். அண்ணிக்கும் அவளைப் பிடித்துத்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை மருந்துக்கடையில் கூட்டமில்லையென்று அவள் விளையாட்டாகப் போன் போட்டாள். கிடைத்துவிட்டது. ஐந்துக்கும் டக் டக்கென்று சொல்லிவிட்டாள். தையலக்கா எங்க வீட்டு அக்காதான் என்றும் பெருமையாகச் சொன்னாள்.

"தையலக்கா வீடா? அப்ப நீங்க எங்க மருந்துத் தங்கச்சி" என்று குழைந்தான் அறிவிப்பாளன்.

வாசலில் நின்ற அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அண்ணியின் மெஷின் பாதித் தையலில் நின்றுபோனது. அண்ணன் அப்படிச் சிரித்து நானே பார்த்ததில்லை என்றால் அண்ணி எங்கே பார்த்திருக்கப் போகிறார்? முகம் சுண்டிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரே புகைச்சல். மருந்துக்கடைப் பெண்ணின் வெள்ளைக் கோட்டு, கை நீளம் குறைப்பதற்காக வந்தது, குவியலின் அடிக்குப் போனது. அவள் கேட்கும்போதெல்லாம் "கைவேலை இருக்கும்மா" என்று பதில். பாவம், அவள் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அவள் இன்னும் இரண்டு முறை ஜெயித்தாள். இரண்டு முறையும் அண்ணன் முகம் மலர்ந்தது. "படிக்கிறதும் இல்ல, தயார் பண்றதும் இல்ல. சிரிச்சே ஜெயிச்சிடறா" என்று அண்ணி என்னிடம் பொருமினார். அவருக்காகப் பரிதாபப்பட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பாதி நேரம் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அப்போதுதான் அறிவிப்பாளன் அடுத்த வாரத்து எழுத்து 'ஞ' என்று சொன்னான். கேட்டவர்கள் எல்லோருக்கும் தலை சுற்றியிருக்கும். ஞானம், ஞாபகம், அப்புறம்? அண்ணிக்கோ மனசு குளிர்ந்துபோயிற்று. சிரித்தே ஜெயிக்கிற எழுத்தா இது? துணி கொடுக்க வந்த தமிழ் வாத்தியாரைக் கோட்டு அளவெடுக்கும் சாக்கில் நிற்கவைத்துக் கறந்தார். ஞிமிறு என்றால் தேனீ, ஞெண்டு என்றால் நண்டு, ஞாண் என்றால் கயிறு. மெஷின் மிதிக்கிற தாளத்துக்கு இதையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பின்சந்தில் ஒரு நாய் உண்டு, நாள் முழுக்கக் குரைக்கும். அது குரைத்தால் போதும், "ஞமலி ஆரம்பிச்சிடுச்சு" என்பார். சோறு போட்டாலும் ஞமலிக்குத்தான், விரட்டினாலும் ஞமலியைத்தான். கடைசியில் அண்ணனே பொறுக்க முடியாமல், "அந்த நாயைக் கொஞ்சம் நாயாவே விடேன்" என்றார்.

சனிக்கிழமை நான் பேன்ட் ஒன்றின் கீழ்மடிப்புக்காகக் கீழே போயிருந்தேன். அண்ணி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அழுத்தினார். லைன் கிடைக்கவில்லை. அண்ணன் வழக்கம்போல் வாசலில். ரேடியோவில் இசை நின்றது.

"வணக்கம், யார் பேசறீங்க?"

"நான்தாங்க, மருந்துத் தங்கச்சி."

அண்ணி போனை மேசைமேல் வைத்த வேகத்தில் அது உடையாமல் இருந்ததே அதிசயம்.

எட்டு நிமிடத்தில் ஒளி நம்மை வந்தடைகிறதே, அந்த விண்மீன் எது? ஞாயிறு. வாயின் கடைசியில், எல்லாவற்றுக்கும் பிறகு முளைப்பது? "ஞானப்பல்லுங்க, அதுக்கு வலி மாத்திரை குடுத்தே எனக்குக் கை ஓஞ்சு போச்சு" என்று அவள் சிரித்தாள். உலகத்துக்கு இன்னொரு பெயர்? ஞாலம். வயதானால் முதலில் நம்மைவிட்டுப் போவதாக எல்லோரும் குறைப்பட்டுக்கொள்வது? ஞாபகம். ஒவ்வொன்றுக்கும் அவளுக்கு முன்னால் அண்ணியின் உதடு பதில் சொல்லிவிட்டது. ஐந்தாவதாக, மனிதன் முதன்முதலில் பழக்கிய விலங்கு எது, அதன் பழந்தமிழ்ப் பெயர் என்ன என்று கேட்டான்.

அவள் நாய் என்றாள், பிறகு திணறினாள். நாய் சரி, ஆனால் ஞ-வில் வேண்டுமே. இப்படி மாட்டிக்கொண்டால் ஒருவரிடம் உதவி கேட்கலாம், நிலையத்திலிருந்தே அவருக்குப் போன் போடுவார்கள் என்பது போட்டியின் விதி.

"எங்க அக்காவைக் கேளுங்க. அவங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமே இல்ல" என்றாள் அந்தப் பெண்.

மேசைமேல் போன் அடித்தது. அண்ணன் எட்டி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். அண்ணி போனைக் காதில் வைத்தார். பதில் நாக்கு நுனியில் இருந்தது, அது எனக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். சொன்னால் அவள் ஜெயிப்பாள், அண்ணன் சிரிப்பார். அண்ணி அண்ணனைப் பார்த்தார்.

"தெரியல" என்றார்.

"தையலக்காவுக்கேவா?"

"தெரியல தம்பி. வெச்சிடறேன்."

அண்ணன் நிலையைவிட்டு நகர்ந்தார். பிறகு உள்ளே போய்விட்டார். போகிற முகத்தை என்னால் படிக்க முடியவில்லை. பெண்டாட்டியின் சின்னப் புத்தியைப் பார்த்து வெறுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நானும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டேன்.

சாயந்தரம் தம்பி பெண்டாட்டி இறங்கி வந்து, "விடுங்கக்கா, உங்களுக்கே தெரியலைன்னா அது கேள்வியே இல்ல" என்று அண்ணியின் தோளைக் கட்டிக்கொண்டாள். அண்ணிக்கு உடம்பெல்லாம் கூசியது. அதைவிட மோசம், துணி வாங்க வந்தவர்களெல்லாம் "உங்களுக்கே தெரியலையாமே" என்று துக்கம் விசாரித்தார்கள். தெரியும் என்று யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு ரசீது கிழித்துக் கொடுத்தார். குவியலின் அடியிலிருந்து வெள்ளைக் கோட்டை எடுத்து அன்றைக்கே தைத்தும் கொடுத்தார். அப்படியும் மனசு ஆறவில்லை.

மறுநாள் நடந்ததை அண்ணியே என்னிடம் சொன்னார். அண்ணன் தையலறைக்குள் வந்து, வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தாராம். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

"நாய்க்குப் பேரு உனக்குத் தெரியுமே" என்றார் அண்ணன்.

அண்ணி மடியிலிருந்த துணியின் மடிப்பை நீவினார்.

"எனக்காகத்தானே தெரியலைன்னு சொன்னே?"

குத்திக் காட்டுகிறார் என்று நிமிர்ந்து பார்த்தால் மனுஷன் வெட்கத்தில் நெளிந்துகொண்டிருக்கிறார். பிறகு அண்ணன் பேசினார். ஒரே மூச்சில், ஒரு வருஷத்துக்கான பேச்சைப் பேசினார். அந்த ரேடியோக்காரன் குழைவதைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வருமாம். இன்றைக்கு என்ன சொல்லித் தொலைக்கப் போகிறானோ என்றுதான் சனிக்கிழமை தவறாமல் வாசலில் காவல் நின்றாராம். அவன் மருந்துத் தங்கச்சி பக்கம் திரும்பியதும், விட்டது சனி என்று சிரிப்பு வந்துவிட்டதாம்.

"சொன்னா சின்னத்தனமா இருக்கும்னு வாயை மூடிட்டு இருந்தேன். நீயா புரிஞ்சிக்கிட்டு அவன் மூஞ்சிலயே போனை வெச்சே பாரு" என்று சொல்லி, முக்காலியோடு இன்னும் கிட்டே நகர்ந்தாராம். "எனக்காகத்தானே?"

"ஆமா" என்றார் அண்ணி. வேறு என்னதான் சொல்வார்?

ஆமா என்று சொன்னபிறகு மறுபடியும் போனை எடுக்க முடியுமா? இப்போது சனிக்கிழமை பிற்பகலில் அண்ணன் வந்ததும் ரேடியோவை அணைத்துவிட்டு அந்த முக்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். எந்த ஆபீஸில் எந்த லிஃப்ட் நின்றது என்றெல்லாம் சொல்கிறார். மாடியில் தம்பி வைத்திருக்கும் ரேடியோவிலிருந்து கைதட்டல் மெல்லிசாகக் கீழே இறங்கி வரும். அப்போது மட்டும் அண்ணியின் கால் மெஷினை மிதிக்க மறந்துவிடும்.

போன வாரம் அண்ணன் அந்தப்பக்கம் போன நேரம் பார்த்து, இப்போதாவது வயிறு குளிர்ந்ததா என்று கேட்டேன். அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"உங்க அண்ணன் இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா, அந்தப் பொண்ணுக்கு அன்னிக்குப் பதிலைச் சொல்லியிருப்பேன்ல" என்றார்.