எந்த மொழியில் கத்தினாள்

லூனெபுர்க் நாட்டில் எங்கள் ஊர்ச் செருப்புத் தொழில் சங்கத்தில் சேர, தோல் அறுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. ஜெர்மன் தாய் வயிற்றில் பிறந்திருக்க வேண்டும். வெண்டுத் தாய்க்குப் பிறந்தவனுக்கு இடமில்லை. காட்டோரக் கிராமங்களில் எங்களுக்கு முன்பிருந்தே குடியிருந்து, தங்களுக்கென்று ஒரு மொழி பேசுகிறவர்கள்தான் வெண்டுகள். எங்கள் ஜெர்மன் மட்டும் என்ன வாழ்கிறதாம்? தெற்கிலிருந்து வந்த பாதிரியார் அதைக் கேட்டு முகம் சுளிக்கிறார். சங்கத்தின் விதிகளில் பாதி லத்தீன். சங்கப் பதிவேடு எழுதுகிற எனக்கே அது புரியாது. ஆனாலும் வெண்டு மொழி என்றால் எங்களுக்கு இளக்காரம்.

பிறப்புக்குச் சாட்சி மருத்துவச்சி அல்ஹைட். நாற்பத்தைந்து வருடமாக ஊரில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்தவர்கள். சத்தியம் செய்துவிட்டால் பொய் வராது. சங்கம் அவளிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: பிள்ளை பெறும்போது தாய் எந்த மொழியில் கத்தினாள்? வலியில் யாரும் வேஷம் போட முடியாது என்பது எங்கள் பெரிய மனிதர்களின் கண்டுபிடிப்பு.

அந்த வசந்தத்தில் ஹென்னிங் விண்ணப்பித்தான். ஏழு வருடம் எங்களிடமே வேலை கற்றவன். சேர்க்காவிட்டால் கடை போட முடியாது, நிச்சயமான கல்யாணமும் நின்றுவிடும். சங்கத் தலைவர் பார்த்தோல்டுக்கு அவன்மேல் சந்தேகம். அல்ஹைட் பைபிள்மேல் கை வைத்தாள்.

"இவன் அம்மா எதுல கத்துனா?"

"வெண்டுலதான்."

ஹென்னிங் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"அப்ப முடிஞ்சுது," என்றார் தலைவர்.

"எங்க முடிஞ்சுது? உங்கம்மாவும் அதுலதான் கத்துனா."

பார்த்தோல்டின் தாய், அவருக்கு இரண்டு வயதிலேயே இறந்துபோனாள். ஊரைப் பொறுத்தவரை அவள் ஜெர்மன்காரி.

"பொய்," என்றார்.

"கை இன்னும் பைபிள் மேலதான் இருக்கு. வேற யாருக்காவது கேக்கணுமா? வரிசையா சொல்றேன்."

பெஞ்சில் சங்கத்தார் பதினோரு பேர். ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். என் அம்மாவைப் பற்றி என்ன சொல்லிவிடுவாளோ என்று நான் மைக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடுதான், என்ன செய்ய.

"ஜெர்மன்னு எழுது," என்றார் தலைவர் என்னிடம். எழுதினேன். ஹென்னிங் மறுபடி உட்கார்ந்தான்.

மூன்று வாரம் கழித்துத் தலைவரின் மகளுக்கு வலி கண்டது. விடிந்ததும் அவரே என்னையும் கூட்டிக்கொண்டு அல்ஹைட்டை அழைக்கப் போனார். திரும்பும்போது அவளுடைய பிரசவ நாற்காலியைச் சுமந்துகொண்டு நான் பின்னால் நடந்தேன். மனிதர் கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவார் என்று எனக்கு உள்ளூர பயம். பாலம் தாண்டியதும் அவர் கேட்டார்.

"அல்ஹைட்டம்மா, எங்கம்மா என்ன சொல்லிக் கத்துனாங்க?"

"அவ அம்மாவக் கூப்பிட்டா. எல்லாரும் அதத்தான கூப்பிடுறாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நீ பொறந்த. தூக்கி நெஞ்சுல போட்டதும் உங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா."

அந்த வெண்டு வார்த்தையை அவள் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது. நாற்பத்திரண்டு வயது மனிதர் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"இன்னொரு தடவ சொல்லுங்கம்மா," என்றார்.