படகுல குடிக்க என்ன வைக்க?

புதுக் காடாத்துணி நனைஞ்சா ஒரு வாடை வரும், கஞ்சியும் மில்லு எண்ணெயும் கலந்தாப்புல. அந்தத் துணியில பாய் கட்டி, பிளவக்கல் அணைத் தண்ணியில பாய்மரப் படகு ஓட்டுன மொத ஆளு நான்தான். பொய். ஓட்டுனது எங்க குருசாமி மாமா. நான் நடுவுல சோடாப் பெட்டியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, நீச்சல் தெரியாததை யார்கிட்டயும் சொல்லாம, பாதி நேரம் கண்ண இறுக்கி மூடி உக்காந்திருந்தேன்.

எம்பத்தெட்டோ எம்பத்தொம்பதோ, மாசி மாசம், எனக்குப் பதிமூணு வயசு. படிப்பு அஞ்சாங்கிளாசுலயே என்னையப் பாத்து மெரண்டு ஓடிருச்சு. ராஜபாளையத்துல ஒரு "சோடா கம்பெனி"யில பாட்டில் கழுவிக்கிட்டிருந்தேன். கம்பெனின்னதும் பெருசா நெனச்சுராதீய, ஒரு மிஷினு, ரெண்டு தொட்டி, பொறவு நான், அம்புட்டுதான். ஆனாலும் குடிக்கிற சாமான் விசயத்துல வீட்டுல என்னையத்தான் கேப்பாவ, அந்தத் திமிரு எனக்கு உண்டு.

மாமா எங்க அம்மாவுக்குத் தம்பி. கப்பல்படையிலருந்து லீவுல வந்து, மகாராஜபுரத்துல ஒரு பொண்ணைக் கேட்டிருந்தாவ. பொண்ணோட அப்பா பட்டாளத்துலருந்து திரும்பி வயலும் தோப்பும் பாக்குறவிய, மீசை ரெண்டு பக்கமும் காவல் நிக்கிற மாதிரி இருக்கும். "கப்பல்ல இருக்கேங்கிற பயலுவள்ல பாதிப் பேரு அங்க சோறு வடிக்கிறவன். தண்ணியில என்னையக் கூட்டிட்டுப் போயி ஒரு சுத்து சுத்திக் காட்டச் சொல்லுங்க, பொண்ணு தாரதப் பொறவு பேசலாம்"னு சொல்லிட்டாவ. மாமாவுக்கு லீவு முடிய இன்னும் நாலே நாள். வ. புதுப்பட்டியிலருந்து ஒரு போலீஸ்கார மாப்பிள்ளை வேற அதே பொண்ணைப் பாக்க வரப்போறான்னு சேதி.

மாமா, அணையில மீன் குத்தகை எடுத்தவர்கிட்டச் சின்ன மரப்படகு ஒண்ணக் கேட்டு வாங்கி, நடுவுல சவுக்குக் கம்பு நட்டு, பாயக் கட்டிட்டாவ. "படகுன்னா குடிக்க ஏதாச்சும் இருக்கணும், தண்ணியில எறங்கின பொறவு கெடைக்காது"ன்னாவ. சுத்தி அணைத் தண்ணி கெடக்க, குடிக்க எதைக் கொண்டு போறதுன்னு வீட்டுல பெரிய ரகளை.

ஏன்னா, எங்க பக்கம் சம்பந்தம் பேசி முடியாம ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் "கை நனைக்க" மாட்டாவ. அடுத்த வீட்டுச் சொம்புத் தண்ணியக் கூடத் தொட மாட்டாவ, தொட்டா சம்மதம்னு அர்த்தம். அம்மா மோர்தான் வைக்கணும்னு நின்னா. "வெயிலுக்கு ஒரு மடக்கு குடிச்சிட்டாவன்னா முடிஞ்சு போச்சுல்லா." மாமா பதறிட்டாவ. "வேண்டாங்க்கா. நாம நீட்டி அவிய வேண்டாம்னுட்டா அதோட அறுந்து போகும், மறுபடி போயி நிக்க முடியாது."

நான் மூளையக் கசக்குனேன். கடைச் சோடா எவன் வீட்டுதும் இல்ல. எளநி மரத்துலருந்து வாரது. ரெண்டும் கை நனைச்சதுல சேராது, தாகமும் தீரும், மானமும் போகாதுன்னு சொன்னேன். மாமா என் முதுகுல தட்டுனாவ. ஒரு பெட்டி கோலிசோடா, நாலு எளநி. அம்மா சும்மா இருப்பாளா, யாருக்கும் தெரியாம என் கையில ஒரு தூக்குவாளி மோரையும் குடுத்து விட்டா.

கரையில ஏத்தும்போது படகுல எடம் பத்தல. நீளமா ரெண்டு துடுப்பு கெடந்துச்சு. பாய் இருக்கும்போது இது எதுக்குன்னு அதைத் தூக்கி ஆவாரஞ்செடிக்குள்ள போட்டுட்டு, பெட்டிய அந்த எடத்துல வச்சேன். மேல ஒரு சாக்கப் போட்டு மூடியும் வச்சேன். கெட்டிக்காரன் வேலை.

காத்து நல்லா வந்துச்சு. படகு போன போக்குல பட்டாளத்துக்காரர் மீசை ஒரு பக்கம் பறந்துச்சு, அவிய சிரிக்கப் போறாவன்னே நெனச்சேன். அணை நடுவுக்கு வந்ததும் காத்து நின்னு போச்சு. பாய், கொடியில காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்கிருச்சு. உச்சி வெயிலு. செத்த நேரத்துல அவிய நாக்கால ஒதட்டத் தடவ ஆரம்பிச்சாவ.

"எளநி சாப்பிடுதியளா ஐயா?"ன்னேன்.

"சீவு."

அருவா வீட்டுல இருந்துச்சு.

"சோடா ஒடைக்கவா?"

"கேஸு எனக்கு ஆகாது. ஏலே, நீ சோடா கம்பெனியா, கப்பல் கம்பெனியா?"

மோரு என் காலுக்கு அடியில குளுகுளுன்னு இருக்கு. மாமாவப் பாத்தேன். மாமா தூக்குவாளியப் பாத்துட்டு, வேண்டாம்னு கண்ணக் காட்டுனாவ. அப்பத்தான் கவனிச்சோம், படகு தானா நகருது. வயலுக்குத் தண்ணி தொறந்து விட்டிருந்தாவ, மதகு இழுக்குது. மாமா குனிஞ்சு துடுப்பத் தேடுனாவ. பெட்டிய நகத்திப் பாத்தாவ. பொறவு என்னையப் பாத்தாவ. நான் சோடா கோலிய எண்ணிக்கிட்டிருந்தேன்.

"துடுப்பு எங்க?"ன்னு கேட்டாவ பட்டாளத்துக்காரர்.

"நான்தான் வேண்டாம்னு வச்சிட்டு வந்தேங்க ஐயா. எம் பெசகு"ன்னு மாமா முந்திக்கிட்டாவ.

"கப்பல்ல இம்புட்டுத்தான் சொல்லிக் குடுத்தாவளா?"

மாமாவுக்குக் காது ரெண்டும் செவந்து போச்சு. போலீஸ்காரன் பொண்ணு பாத்துட்டுப் போறது எனக்குக் கண்ணுக்கு முன்னாடி தெரியுது. எனக்கு வீரமெல்லாம் கெடையாது, பயத்துல வாய் தானா ஒளறிருச்சு. "நான்தான் எறக்கிப் போட்டேன் ஐயா. சோடாவுக்கு எடம் வேணும்னு. மாமாவுக்குத் தெரியாது."

அவிய மாமா பக்கம் திரும்புனாவ. "பொறவு நீ ஏம்லே ஏத்துக்கிட்ட?"

"தண்ணியில எறங்கும்போது நான் பாத்திருக்கணும்லா ஐயா."

அவிய சோடாப் பெட்டியில ரெண்டு பலகையக் கையாலயே பிச்சாவ, ஒண்ண மாமாகிட்ட எறிஞ்சாவ, ஒண்ண வச்சு அவியளே தண்ணியத் தள்ளுனாவ. மதகு எரைச்சல் காதுல விழுற தூரத்துல, மூச்சு வாங்க நிறுத்தி, "ஏலே சோடா, காலுக்கு அடியில என்னத்த ஒளிச்சு வச்சிருக்க?"ன்னாவ.

"மோரு."

"யாரு கடஞ்சது?"

"எங்க அம்மா."

மாமா பலகை பாதியில நின்னுச்சு. பட்டாளத்துக்காரர் மாமாவ ஒரு தடவை நல்லாப் பாத்துட்டு, என் பக்கம் கைய நீட்டுனாவ. இன்னைக்கு அந்தப் படகு இல்ல, சோடா கம்பெனி இல்ல, அந்த மீசையும் இல்ல, நீட்டுன கை மட்டும் அப்படியே நிக்குது. தூக்குவாளி மூடி எறுகிப் போயி தெறக்க வரல, நான் பல்லால கடிச்சு இழுக்கேன், படகு மறுபடி மதகப் பாத்துத் திரும்புது, மாமா ஒத்தையில தள்ளுதாவ, நான்...

"ஏலே, எங்க அப்பாவப் பத்தி என்னத்தலே எழுதிக்கிட்டிருக்க? உங்க மாமா ஆட்டோவுல ஏறி உக்காந்தாச்சு, கண்ணாஸ்பத்திரிக்கு நேரமாவுது."

வாரேன் அத்தை.