எழுபத்திரண்டு குட்டை இறக்கைகள்

பூச்சி ஆய்வகத்தில் அவளுக்கு ‘இறக்கைக்காரி’ என்றுதான் பெயர். பதினாறு வருடமாக ஒரே வேலை. வெட்டுக்கிளியின் இறக்கையைக் கண்ணாடித் தகட்டில் விரித்து, நுண்ணோக்கியில் அளந்து, நோட்டில் எழுத வேண்டும். எழுத எழுத ஒரு சங்கதி அவள் மண்டையைக் குடைந்தது. ஒரே இனம், ஒரே மலை. ஆனால் காற்று அறைகிற சரிவில் பிடித்தவற்றுக்கு இறக்கை குட்டை. மறைவான சரிவில் நீளம். நீள இறக்கை உள்ளதைக் காற்று வாரிக்கொண்டு போய்விடும், குட்டைதான் தங்கிப் பெருகும் என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

அவள் தங்கைக்கு வானிலை மையத்தில் உத்தியோகம். மலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அதன்மேல் காற்று எப்படிப் பாயும் என்று சமன்பாடுகளைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பவள். ஒரு மதியம் அக்கா சாப்பாட்டு டப்பாவோடு அங்கே போனபோது, திரையில் அதே மலை விரிந்து கிடந்தது. காற்று பலமான இடம் சிவப்பு, அமைதியான இடம் நீலம். டப்பாவை மறந்தே போனாள். நோட்டைப் பிரித்து இடம் இடமாக ஒப்பிட்டாள். சிவப்பில் குட்டை, நீலத்தில் நீளம்.

ஓர் இடம் மட்டும் இடித்தது. மறைவுச் சரிவின் நடுவே, ஒரு பாறை இடுக்கருகே, திரையில் நீலம். நோட்டிலோ அங்கே பிடித்தவற்றின் எழுபத்திரண்டு இறக்கையும் குட்டை.

“உன் பூச்சி தப்புக்கா,” என்றாள் தங்கை.

“பூச்சி எப்படிடி தப்பாகும்? உன் கணக்கைப் பாரு.”

“இருபது பேர் சரிபார்த்த கணக்குக்கா!”

“அப்போ வா, நேர்லயே போய்ப் பாத்துடுவோம்.”

சனிக்கிழமை காலை, காற்றுமானியைத் தூக்கிக்கொண்டு இருவரும் மூச்சிரைக்க ஏறினார்கள். சரிவில் ஓர் இலைகூட அசையவில்லை. தங்கை முகத்தில் ‘சொன்னேன்ல’ என்கிற சிரிப்பு. இடுக்கின் வாய்க்கு முன்னால் கால் வைத்ததுதான் தாமதம், அவள் தொப்பி பறந்துபோய்ப் பள்ளத்தில் விழுந்தது. காற்றுமானியின் கிண்ணங்கள் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுழன்றன.

“அக்கா! இந்த இடுக்கு என் படத்துலயே இல்லை! நான் போட்ட கட்டம் ஒவ்வொண்ணும் அரை கிலோமீட்டர். இது அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு!” காற்றோடு மல்லுக்கட்டிக் கத்தினாள் தங்கை. அக்கா பாறையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

திங்களன்று கட்டங்களைப் பத்து மடங்கு சிறிதாக்கி ஓட்டினார்கள். நீலத்தைக் கிழித்துக்கொண்டு மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று வந்தது. அறையில் இருந்தவர்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்கள்.

மையத்தின் தலைவர் இறக்கைக்காரி பக்கம் திரும்பினார். “வேற எந்த மலைக்காவது இறக்கை அளவு வெச்சிருக்கீங்களா?”

“ஒன்பது மலைக்கு இருக்கு சார்,” என்றாள் அவள். “எதுல ஆரம்பிக்கலாம்?”