காற்றைப் பார்த்து நின்ற படகு

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மாதம் முடியும்வரை மாப்பிள்ளை தனியாகக் கிடக்க வேண்டியதுதான். வைகாசியில் கல்யாணமான என் அத்தையும் அப்படித்தான் திருவையாற்றுக்கு வந்து சேர்ந்தாள். பதினெட்டாம் பெருக்குக்கு விருந்தாளியாக வந்த மாமா, கையில் ஒரு பாய்மரப் படகோடு பஸ்ஸை விட்டு இறங்கினார்.

படகென்றால் என் கை நீளத்துக்கு ஒரு மாதிரிப் படகு. மாமாவுக்குப் படகு கட்டும் யார்டில் வேலை. அவர் பிறப்பதற்கு முன்பே யாரோ வரைந்த டிசைனாம் அது, இன்னும் ஆர்டர் வருகிறதாம். நிஜப் படகில் குடும்பத்தோடு சமைத்துச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து கடலில் போகலாம். பந்தயத்தில் விட்டால் நேற்றுக் கட்டிய படகையும் முந்துமாம். அதை மரத்தில் செதுக்கி, பாய் தைத்து, அத்தைக்கென்று கொண்டுவந்திருந்தார். பைக் ஷோரூமில் வேலை பார்த்த அப்பா, மாடலே மாறாத வண்டியை எவன் வாங்குவான் என்று கேலி செய்தார். எனக்கோ கண்ணை எடுக்க முடியவில்லை. அப்பப்பா, என்ன வளைவு! அடியில் மீன்துடுப்பு மாதிரி ஈயத்தில் ஒன்று நீண்டிருந்ததால் அது மேஜையில் நிற்க மறுத்தது. அம்மா மரக்காலில் நெல்லைக் கொட்டி, அதில் சொருகி நிறுத்தினாள்.

மறுநாள் காவேரிக்கு அதையும் எடுத்துக்கொண்டு போனோம். நூல் கட்டி ஓட்டிக்காட்டுவதாக மாமா சொல்லியிருந்தார். அவர் பேண்டை மடித்துக்கொண்டிருந்த நேரத்தில், பெரியம்மா படகுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, காதோலை கருகமணியையும் ஏற்றி, கும்பிட்டு ஆற்றில் விட்டுவிட்டாள். பெருக்கன்று ஆற்றங்கரைக்கு வந்த பொருள் காவேரிக்குத்தானே என்பது அவள் கணக்கு. மாமாவுக்கு முகம் செத்துவிட்டது.

ஆடிக்காற்று பாயில் அடித்ததும் படகு சாய்ந்துகொண்டு பறந்தது. அவ்வளவுதான், பூம்புகாரில் போய்த்தான் பிடிக்க வேண்டும் என்றார் அப்பா. அதுவரை மாமா எதிரில் வாய் திறக்காத அத்தை, பட்டுப்புடவையை வரிந்துகொண்டு கரையோரமாக ஓடினாள். பின்னாலேயே நாங்களும் ஓடினோம்.

கொஞ்ச தூரம் போன படகு, யாரும் தொடாமலே மெல்ல வளைந்து, காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பிக்கொண்டது. பாய் படபடத்தது, ஓட்டம் அடங்கியது. அப்படியே அசைந்து அசைந்து அடுத்த படித்துறையில் ஒதுங்கிய படகை, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அத்தை எடுத்தாள். அழுதுகொண்டிருந்தாள். ஒரு பொம்மைக்கா இப்படி என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

மாமா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "பிடி விட்டுப்போனாலும் தறிகெட்டு ஓடாது. காத்தைப் பார்த்துத் திரும்பி நின்னுடும். அதனாலதான் இன்னும் இதையே கேக்கறாங்க."

அப்பா படகை வாங்கி அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார். "இதுல மாத்த ஒண்ணுமில்ல, மாப்பிள்ளை."

சாயங்காலமே மாமா ஊருக்குத் திரும்பிவிட்டார். ஆடி முடியும்வரை படகு மரக்கால் நெல்லோடு ஜன்னலில் நின்றது. கூட்டும்போது அம்மா தள்ளி வைத்துவிட்டால், அத்தை வந்து அதன் மூக்கை மேற்கே திருப்பி வைப்பாள். காற்று அங்கிருந்துதான் வருகிறது என்பது எனக்குத் தெரியும். மாமா இருந்த கொச்சியும் அந்தப் பக்கம்தான் என்பது அப்போது தெரியாது.