சித்திக்குக் கைவந்த வேலை

சித்தப்பா ஊருக்குத் திரும்பி வந்தபோது நான் நாலாம் வகுப்பு. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். அங்கே ஆட்களைக் குறைத்ததும் ஒரு டிராவல் பையோடும் ஒரு பெண்ணோடும் வந்து இறங்கினார். அந்தப் பெண் அவருடைய மனைவி என்று வாசலில் வைத்தே எங்களுக்குச் சொல்லப்பட்டது. கல்யாணம் சூளூர்பேட்டையில் ஒரு கோயிலில் முடிந்துவிட்டதாம்.

நைனா தன் தம்பியைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு, இன்னா ஆளுங்க என்று மட்டும் கேட்டார். நம்ம ஆளுங்கதான், ஆந்திரா பக்கம் கடலோரத்துக் குப்பம், அப்பா அம்மா இல்லை என்றார் சித்தப்பா.

எல்லைக்கு அந்தப் பக்கமும் எங்கள் சனம் உண்டு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் உண்டு. சித்தி பேச்சில் பாதி தெலுங்கு இருந்ததால் அந்தப் பதில் பொருத்தமாகவே இருந்தது. அதோடு அம்மாவுக்கு அப்போது எட்டாவது மாதம். வேலை செய்ய ஓர் ஆள் தானாக வந்து வாசலில் நிற்கும்போது யாரும் அதிகம் தோண்டித் துருவ மாட்டார்கள். சித்தி உள்ளே வந்தாள். அன்று மாலையே பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் குப்பம் கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவில் கிடக்கிற மணல். கிழக்கே போனால் அலை, மேற்கே போனால் சேறு. ஆண்கள் காற்றைப் பார்த்துக் கடலுக்குப் போவார்கள். தங்கள் முறை வரும்போது ஏரியில் வலை கட்டுவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். எந்த வீட்டுக்கு எந்த நாள், எந்த இடம் என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரிக்கும். பாடு இருந்தால்தான் எங்கள் ஊரில் ஒரு வீடு வீடு.

தம்பி பொன்னேரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பிறந்தான். அம்மாவால் குனிய முடியவில்லை. சித்திதான் தினமும் காலையில் வெந்நீர் போட்டு, பலகையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, அவனை மேலே கிடத்திக் குளிப்பாட்டுவாள். தலையை உருட்டிவிடுவாள், மூக்கை நீவிவிடுவாள், முழங்காலை வயிற்றோடு மடக்கி மடக்கி எடுப்பாள். அவன் அழவே மாட்டான். எனக்கு இந்தச் சுகமெல்லாம் கிடைக்காமல் போயிற்றே என்று பொறாமையாக இருக்கும்.

வெந்நீருக்கு விறகு வேண்டும். சனிக்கிழமைகளில் சித்தியும் நானும் ஏரிப் பக்கமாக அரை மணி நேரம் நடந்து போய்க் கருவேலஞ்சுள்ளி பொறுக்கி வருவோம். மழைக்காலம் முடிந்த புதிது. ஏரி தெளிந்து, முழங்கால் அளவுத் தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கிடந்தது. முதல் சனிக்கிழமை சித்தி சுள்ளிக்கட்டைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒதுங்கப் போக வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து நான் நாகரிகமாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"யாராவது வர்றாங்களா பாரு" என்றாள்.

யாரும் வரவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நாங்கள் பொரி கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் கவரை உதறி, அதன் காதைப் பல்லில் கடித்துக்கொண்டாள். அப்படியே மண்டிபோட்டு, மார்பு தண்ணீரில் அமிழக் குனிந்து, இரண்டு கைகளையும் சேற்றில் பரப்பித் தடவிக்கொண்டே நகர்ந்தாள். திடீரென்று வலது கை மேலே வந்தது. விரல்களுக்கு நடுவே என் உள்ளங்கை நீளத்துக்கு ஓர் இறால் துள்ளியது. அதைக் கவருக்குள் போட்டுவிட்டு மறுபடியும் தடவினாள். மறுபடியும் ஒன்று. வலை இல்லை, படகு இல்லை, டீசல் இல்லை. வாயில் கவர் இருந்ததால் அவளால் பேச முடியவில்லை. ஆனால் கண்கள் சிரித்தன. வீட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டே நடமாடும் சித்தியின் கண்களை அன்றுதான் நான் முழுதாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

நானும் இறங்கினேன். என் கையில் ஒன்றும் அகப்படவில்லை. ஒரு நண்டு மட்டும் விரலைக் கவ்விவிட்டுப் போயிற்று. சித்தி கவரை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தாள். "எறா பின்னாலதான் பாயும். ஒரு கையால முன்னால வெரட்டு, இன்னொரு கைய பின்னால வெச்சுக்கினு காத்துனு இரு."

கரையேறியதும் புடவையைப் பிழிந்து வெயிலில் நின்று காயவைத்தாள். வீட்டில் கேட்டால் வலைக்காரர் ஒருவர் கொடுத்தார் என்று சொல்ல வேண்டும், தான் தண்ணீரில் இறங்கியதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள். ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தனக்குச் சளி பிடித்தால் குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளும், உங்கம்மா திட்டும் என்றாள். நியாயமான காரணம். நான் ஒப்புக்கொண்டேன்.

இப்படி நான்கு சனிக்கிழமைகள். அம்மா இறாலை உரிக்கும்போது ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பாள். வலையில் சிக்கிய இறாலுக்கு மீசையும் காலும் ஒடிந்திருக்கும். இவை முழுசாக இருந்தன. அம்மா எதுவும் கேட்கவில்லை. தம்பிக்குச் சளியும் பிடிக்கவில்லை. ஆகவே ரகசியத்துக்கு இனி அவசியம் இல்லை என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டுக் கடற்கரைக்குப் போனேன். படகுகள் வந்திருந்தன. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சித்தியும் இருந்தாள். சீலாவை எடுத்து இந்தக் கூடையில் போடு என்று யாரோ சொல்ல, அவள் வஞ்சிரத்தை எடுத்துப் போட்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள். சித்தி கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியதும் பேச்சு ஆரம்பித்தது. கடலோரத்தில் பிறந்தவள் என்கிறார்கள், மீன் பெயர் தெரியவில்லை, இவளையெல்லாம் எங்கிருந்து பிடித்து வந்தானோ என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்க சித்திக்கு வலையே தேவையில்லை, கையாலேயே இறால் பிடிக்கும் என்றேன்.

என் அத்தை, நைனாவின் அக்கா, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள், கத்தியைக் கீழே வைத்தாள். அவள் குரல் அவ்வளவு இனிப்பாக இருந்து நான் கேட்டதில்லை.

"எப்பிடிம்மா புடிக்கும்? காட்டு பாப்போம்."

காட்டினேன். மணலில் மண்டிபோட்டு, இரண்டு கைகளையும் பரப்பி, முன்னால் விரட்டி, பின்னால் பிடித்து, ஓர் இறாலைத் தூக்கிக் காட்டினேன். பெண்கள் சிரித்தார்கள். வாயில் எதையாவது கடித்துக்கொள்ளுமா என்று ஒருத்தி கேட்டாள். அதை மறந்துவிட்டேனே என்று ஒரு பிளாஸ்டிக் கவரைத் தேடி எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு மறுபடியும் செய்தேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மூன்றாவது முறை யாரும் கேட்காமலே செய்தேன். அத்தை மட்டும் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

ஏரியில் கையால் இறால் தடவுகிறவர்கள் இருந்தார்கள். எங்களுக்குத் தெரியாதவர்கள் இல்லை. பரம்பரை பரம்பரையாக அந்தத் தண்ணீரில் இறங்குகிறவர்கள். அவர்களுக்குப் பாடு கிடையாது, வலை கட்ட இடம் கிடையாது. தாகம் என்று வந்து நின்றால் எங்கள் வீடுகளில் தனிச் சொம்பில் தண்ணீர் ஊற்றுவார்கள். என் வகுப்பிலும் அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர் படித்தார்கள். எப்போதும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். சித்தி செய்ததும் அவர்கள் செய்வதும் ஒன்றே என்பது என் மண்டையில் ஏறவில்லை. சித்தி செய்தது வித்தை. அவர்கள் செய்தது வேலை.

அன்று விளக்கு வைக்கும் நேரத்துக்கு அத்தை வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. சித்தியைக் கூப்பிட்டு, இறால் தடவ யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டாள். சித்தப்பா குறுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தார். கும்மிடிப்பூண்டியில் யாரோ சொல்லிக்கொடுத்தார்கள் என்று சித்தி சொல்லியிருக்கலாம். எனக்கு அவள் சொன்ன சளிக் காரணம்போல ஒன்றை அங்கேயும் கண்டுபிடித்திருக்கலாம். அவள் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள்.

"எங்கம்மா."

"அம்மா இல்லன்னு சொன்னானே இவன்."

"இருக்காங்க. ஏரிக்கு அந்தாண்ட. இன்னும் தண்ணில எறங்கினுதான் இருக்காங்க."

அத்தை வேறெதுவும் கேட்காமல் போய்விட்டாள். நைனா செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் போனார்.

மறுநாள் காலை சித்தி வழக்கம்போல வெந்நீர் போட்டாள். பலகையைப் போட்டு உட்கார்ந்து காலை நீட்டினாள். புடவையை முழங்காலுக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு காத்திருந்தாள். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. அடுப்படிக்கும் அறைக்குமாக இரண்டு தடவை நடந்தாள். புள்ளைக்கு உடம்பு சுடுகிறது, இன்னைக்கு வேணாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான் தம்பியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை, அதைச் சத்தமாகச் சொல்லவும் செய்தேன். தண்ணீர் ஆறும்வரை சித்தி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து அதைத் தென்னங்கன்றுக்கு ஊற்றினாள். மதியம் அம்மாவே அவனைக் குளிப்பாட்டினாள். தையல் இழுத்து அவள் முகம் கோணியது. அவன் கதறி அழுதான்.

இரண்டு நாள் கழித்து ஊர் கூடியது. பெரியவர்கள் யாரும் சத்தம் போடவில்லையாம். யாரும் யாரையும் போகச் சொல்லவும் இல்லை. பாடு பிரிக்கும் அடுத்த சீட்டில் எங்கள் வீட்டுப் பெயரை இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம், நிதானமாக விசாரித்துப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். நைனா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். சித்தப்பா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நான் இன்னாடா செய்றது" என்றார் நைனா.

"நீ ஒண்ணும் செய்யாத, அண்ணா."

நைனா அப்படியே ஒன்றும் செய்யவில்லை. அந்த வாரம் சனிக்கிழமை வருவதற்குள் சித்தப்பா அதே டிராவல் பையை எடுத்து வைத்துவிட்டார். அடுத்த சீட்டில் எங்கள் வீட்டுப் பெயர் இருந்தது. விசாரிப்பதற்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை.

சித்தப்பாவும் சித்தியும் இப்போது சூளூர்பேட்டைப் பக்கம் இருக்கிறார்கள். இரண்டு பெண் பிள்ளைகள். நைனாவும் சித்தப்பாவும் போனில் பேசிக்கொள்வார்கள்; பெரும்பாலும் மழையைப் பற்றி. நான் படித்து முடித்துப் பொன்னேரியில் மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு முறை அம்மாவிடம் கேட்டேன், அந்த இறாலெல்லாம் யாரோ கொடுத்தது என்றா நினைத்தாய் என்று. முதல் வாரமே தெரியும் என்றாள். அவ நகத்துல சேறு இருந்துச்சு, விரலெல்லாம் கீறல், வலைக்காரனுக்கு அப்படிக் கீறாது என்றாள். தெரிந்தேதான் அந்தக் கையில் பிள்ளையைக் கொடுத்திருக்கிறாள். பிறகு ஏன் கொடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. கொடுக்காதது ஊருக்குத் தெரிந்த பிறகுதான்.

அவர்கள் கிளம்பிய நாளில் நைனாதான் பையைத் தூக்கிக்கொண்டு பழவேற்காடு பஸ் நிறுத்தம்வரை வந்தார். நானும் அடம்பிடித்துக் கூடப் போனேன். சித்தப்பாவும் நைனாவும் டீக்கடை ஓரமாகப் போய் நின்றுகொண்டார்கள். சித்தியும் நானும் மட்டும் பஸ்ஸுக்குப் பக்கத்தில். அவள் ஏன் போகிறாள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. சித்தியைப் போல ஊரில் ஒருத்திக்கும் இறால் பிடிக்க வராது, அந்த வயிற்றெரிச்சலில்தான் எல்லோரும் சேர்ந்து ஏதோ செய்துவிட்டார்கள் என்று நானே தீர்மானித்திருந்தேன். அதனால் அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

நீ எப்படி இறால் பிடிப்பாய் என்று கடற்கரையில் எல்லோருக்கும் செய்துகாட்டினேன் என்றேன்.

சித்தி என்னைப் பார்த்தாள். அதுவரை யார் மூலம் தெரிந்தது என்று அவளுக்குத் தெரியாது என்று இப்போது தோன்றுகிறது. பஸ் டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். அவள் குனிந்து என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"ஒழுங்கா செஞ்சு காட்டுனியா?"

"ஒழுங்கா செஞ்சேன் சித்தி. மூணு தபா."

"இன்னா சொன்னாங்க?"

"எல்லாரும் சிரிச்சாங்க" என்றேன்.

அதைவிட நல்ல சேதி எதையும் அவளுக்கு என்னால் சொல்லியிருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டே, பஸ் பாலத்தைத் தாண்டும்வரை கையாட்டினேன்.