வீட்டில் வேறு யாருக்கு இருமல்

என் நாத்தனாருக்குக் காய்ச்சல் வந்தபோது, இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்றுதான் இருந்தேன். அருப்புக்கோட்டையில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். என் கணவர் வெளிநாட்டில் கட்டட வேலையில் இருந்தார். மாமியார் மாமனார் இல்லை. பரளச்சிக்குப் பக்கத்து ஊரில் அந்தச் சின்ன வீட்டில் நானும் அவளும் ஒரே பாயில்தான் படுப்போம்.

காய்ச்சல் சாயங்காலமானால் ஏறும், காலையில் இருக்காது. டவுனில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து டைபாய்டு என்று ஊசி போட்டார். தணிந்த மாதிரி இருந்து மறுபடி வந்தது, கூடவே இருமலும். இட்லியைப் பிட்டு வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். விடியும்போது தலையணை நனைந்திருக்கும். சுடிதார் தோளில் நிற்காமல் நழுவ ஆரம்பித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் வேலை பார்த்த நூல் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுத் திருச்சுழி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கிருந்த டாக்டரம்மா எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டார். எடை குறைந்ததா, ராத்திரி வேர்க்கிறதா, சளியில் ரத்தம் உண்டா என்று. கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம், "வீட்ல வேற யாருக்கும் இருமல் இருக்காம்மா?" என்றார்.

"இல்ல டாக்டர்" என்றேன். சொன்ன வாயோடு இருமினேன்.

"இது எத்தன நாளா?"

"இது பஞ்சுத் தூசி டாக்டர். மில்லுல எல்லாருக்கும் இருக்கும்."

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பியிருந்தேன். இரண்டு பேரிடமும் சளி வாங்கினார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். இருவருக்கும் டிபி. என் நெஞ்சில்தான் அது அதிகம் பரவியிருந்தது.

"யாருட்ட இருந்து யாருக்குன்னு தேட வேணாம். மாத்திரைய நடுவுல விடாமச் சாப்பிடுங்க, சரியாயிரும்" என்றார் டாக்டரம்மா.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, "என்னாலதான உனக்கு வந்துச்சு" என்றேன்.

"வேணும்னேவா இருமுனீக மதினி?" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த வாரம் என் கணவர் போன் செய்து, எப்படி ஒட்டியது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "காலேஜு பஸ்ஸுல யார்ட்டயோ தொத்தியிருக்கும்ணே. எங்கிட்ட இருந்து மதினிக்கும் வந்துருச்சு."

"பாவம், ஒன்னயப் பாக்கப் போயி அவளும் படுத்துட்டாளா" என்றார் அவர். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரையால் சிறுநீர் சிவந்தது, வாந்தி வந்தது. ஆனாலும் இருவரும் விடவில்லை, குணமானோம். அவளுக்கு ஒரு பருவத் தேர்வு போனது. பிறகு எழுதித் தேறினாள்.

அவர் லீவில் வந்தபோது எனக்கு ஒரு சேலை எடுத்து வந்தார், தங்கச்சியைப் பார்த்துக்கொண்டதற்கு. அப்போதாவது சொல்லியிருக்கலாம். உடுத்திக் காட்டச் சொன்னார். உடுத்திக் காட்டினேன்.